வெள்ளிக்கிழமை இலைக்காக ஒரு விண்ணப்பம்

சுங்கை சிப்புட், பேராக்.

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், மகளிர் பகுதியினர், சமையற்கட்டில் நிற்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கணக்குக் கேட்கும் கடிதம் இல்லை. கோயில் நிர்வாகத்துக்குத் திறந்த மடல் என்றாலே உண்டியல், நிலம், தேர்தல் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொருளாளர் நிம்மதியாக மூச்சு விடலாம். நான் பேச வந்தது சோற்றைப் பற்றி.

கடந்த ஆண்டுக் கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் எழுந்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சாமி சோற்றுக்கே குறையா, டிரெசர் ஐயா?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய பதிலெல்லாம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வரிசையாக வந்து நின்றது. எழுபத்து மூன்று வயதில் பதில் அப்படித்தான் வரும்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக: 1974 முதல் 33 ஆண்டுகள் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது மருந்து கொடுக்கும் உதவியாளராக, இருந்தவன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்ததும் மருந்துக் கொட்டகையைத் திறப்பேன். வெட்டுக் காயத்துக்கு மஞ்சள் மருந்து, காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்றுக்கு வெள்ளைத் தண்ணீர். பெப்பர்மிண்ட் வாசனை அடிக்கும் அந்த வெள்ளைத் தண்ணீரை வாங்க வீட்டிலிருந்தே காலிப் போத்தல் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். எதற்காக வந்தாய் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "கேஸ்டிரிக், ஐயா." ஏப்பம் வந்தாலும் கேஸ்டிரிக், எரிந்தாலும் கேஸ்டிரிக், மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டாலும் கேஸ்டிரிக். இன்றைக்கும் நம் ஊரில் தொண்டைக்கும் தொடைக்கும் நடுவில் எங்கே வலித்தாலும் அந்த ஒரு பெயர்தான்.

நானும் எல்லாருக்கும் ஒரே புத்திமதி சொன்னேன். மிளகாயைக் குறை, நேரத்துக்குப் பசியாறு, கவலைப்படாதே. வயிற்றுப் புண் காரத்தாலும் பட்டினியாலும் வருகிறது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதைத் தலைகீழாகப் புரட்டியது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த நீரைத் தானே குடித்து, வயிற்றில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் செய்த ஆய்வுகளில் இந்தக் கிருமி இந்தியர்களிடம்தான் அதிகமாகக் காணப்பட்டது. நம் வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு அது இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் கெடுகிறது. ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் சரியான கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் தீர்ந்திருக்கக்கூடிய புண்ணுக்கு, இருபது வருடம் வெள்ளைத் தண்ணீர் ஊற்றியவன் நான். மிளகாயிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். புண் உள்ளவருக்கு அது எரியும், அவ்வளவுதான். புண்ணை அது உண்டாக்குவதில்லை. முட்டிவலிக்கு மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகள்தாம் இரண்டாவது பெரிய குற்றவாளி. நம் பாட்டிமார் கைப்பையில் அவை வெற்றிலையோடு சேர்ந்து கிடக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எல்லா நோய்க்கும் சாப்பாட்டின் மேல் பழிபோடும் ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்படிப் பழிபோட்டு ஒருமுறை தவறியவன். அதனால், சாப்பாட்டைப் பற்றி இப்போது சொல்வதைப் பலமுறை யோசித்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தவறும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளைகள் இன்றும் நம் கோயிலுக்கு வருகிறார்கள். பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். 54 வயதில் ஒருநாள் கொட்டகையின் பின்வாசல் வழியாக வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, வெளிக்குப் போகும்போது இரத்தம் வருகிறது என்றார். லாரியில் உட்கார்ந்தே இருக்கிறவர், மிளகாய் கடித்துச் சாப்பிடுகிறவர்; மூலம் என்று நானே முடிவு கட்டி மருந்து கொடுத்தேன். எட்டு மாதத்தில் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை வந்தபோது இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். பெருங்குடல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். 2012 முதல் 2016 வரைக்குமான கணக்கில், மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குத்தான். பெண்களிடம் மார்பகத்துக்கு அடுத்தது அதுவே. கண்டுபிடிக்கும்போது பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்துக்குப் போய்விட்டிருக்கிறார்கள். சீனர்களிடம் அதிகம் என்பதும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஒரு தம்பி என்னிடம் அதைச் சொல்லி, "நமக்கென்ன ஐயா?" என்றார். தம்பி, உங்களைத் தொடாது என்று அந்த நோய் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது இலைக்கு வருகிறேன்.

நம் கோயிலில் வெள்ளிதோறும் ஏறத்தாழ 300 பேர் சாப்பிடுகிறார்கள். திருவிழாவில் ஆயிரத்தைத் தாண்டும். இந்த ஊரில் இத்தனை வயிறுகளுக்கு ஒரே நேரத்தில் பரிமாறும் இடம் வேறு எது? கிளினிக்கில் தாதி பத்து நிமிடம் பேசி அனுப்புவதை விட, உங்கள் கரண்டி வாரத்துக்கு ஒருமுறை அதிகமாகப் பேசுகிறது. பிள்ளைகள் "கோயில் சாப்பாடு மாதிரி வேண்டும்" என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் எதைப் பரிமாறுகிறீர்களோ அதுதான் நல்ல சாப்பாடு என்று அவர்கள் மனத்தில் பதிகிறது. அதனால்தான் மடல் சுகாதார அமைச்சுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

போன வெள்ளி என் இலையில் இருந்ததைச் சொல்கிறேன். நடுவில் குன்று போல வெள்ளைச் சோறு. அதன் மேல் சாம்பார். முள்ளங்கி இரண்டு வில்லை. உருளைக்கிழங்குப் பிரட்டல். சைவ மட்டன். அப்பளம் இரண்டு. பாயசம். ஓரத்தில் முட்டைக்கோஸ், விபூதி மாதிரி ஒரு சிட்டிகை. கை கழுவ எழுந்தால் வாசலில் ரோஸ் சிரப். சுவைக்குக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இரண்டாம் முறை சோறு வாங்கியவன் நான். ஆனால் கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் தட்டுப் படம் நினைவுக்கு வந்தது. "சுக்கு, சுக்கு, செபாரோ" என்று மலாயில் எழுதியிருக்கும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், பருப்பு வகை, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் இலையில் சோறும் உருளைக்கிழங்குமே முக்கால்வாசி. 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதுமான காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. நம் கோயில் மட்டும் என்ன, நாடே அப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம். நாட்டுக்கு எழுத என்னிடம் தபால்தலை இல்லை.

முட்டைக்கோஸுக்காக இந்தக் கிழவன் ஏன் மல்லுக்கு நிற்கிறான் என்றால், காரணம் நார்ச்சத்து. அதை நம் உடம்பால் செரிக்க முடியாது. சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு அதுதான் உணவு. அவை அதைத் தின்று புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் உண்டாகிறது. நம் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்கள் பெரும்பாலும் அதைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. அழற்சியைத் தணிப்பதும் அதுதான். மலம் இளகிப் பெருத்து, தங்காமல் வெளியேறுவதும் நார்ச்சத்தால்தான். நாம் 300 பேருக்கு இலை போடுகிறோம். ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் காத்திருக்கும் அந்த விருந்தாளிகளுக்கு மட்டும் பந்தியில் இடமே இல்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர். முதலாமவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அதிகம் வரும், இரண்டாமவர்களுக்கு மிக அரிது. இரண்டு வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும் அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு நாளுக்கு 55 கிராம் நார்ச்சத்து போயிற்று. கிராமத்தாருக்கு இறைச்சியும் கொழுப்பும் ஏறி, நார்ச்சத்து 12 கிராமாக இறங்கியது. இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடலில் அழற்சி குறைந்து பியூட்டிரேட் கூடியது. கிராமத்தாரின் குடலில் நேர்மாறாக நடந்தது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடவும் இல்லை, போய்விடவும் இல்லை. அப்படி நான் சொல்வதாக வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். குடல் எவ்வளவு சீக்கிரம் இலையைப் படிக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். நாளுக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2011இல் வந்தது. வயது, பரம்பரை, புகை, மது, உடல் பருமன் ஆகியவையும் இந்த நோய்க்குக் காரணம்தான். இவற்றில் வயதையும் பரம்பரையையும் நீங்களும் நானும் மாற்ற முடியாது.

பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூட இல்லை. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழு கிராமுக்கு மேல். அதாவது, நவராத்திரியில் ஒன்பது நாள் கொடுத்துவிட்டு அதன் பிறகு நாம் மறந்துவிடுகிற சுண்டல்.

கூழும் அப்படித்தான். ஆடி மாதம் அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறோம். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் மோரும் சேர்த்து, ஊரே வாளி கொண்டுவந்து வாங்கிக்கொண்டு போகிறது. குடலுக்கு அதைவிட நல்ல சாப்பாட்டை ஈப்போவிலிருக்கும் எந்த உணவு நிபுணரும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தச் சமையல் உங்களுக்குத் தெரியும், அண்டாவும் இருக்கிறது, தெரிந்த கைகளும் இருக்கின்றன. வருடத்தில் பதினோரு மாதம் அந்த அண்டா ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அரிசியைப் பற்றி ஒரு பழைய கதை சொல்லாமல் போக மனமில்லை. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் கொத்துக் கொத்தாகக் கொன்றது. ஈயச் சுரங்கத்துச் சீனர்களிடம் கடுமையாக இருந்த நோய், அதே ஊரில் இருந்த தமிழர்களிடம் மிகக் குறைவு. 1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் சோதித்தார்: ஒரு பகுதிக்குத் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி, இன்னொரு பகுதிக்குப் புழுங்கல் அரிசி. நோய் வெள்ளை அரிசிப் பக்கம்தான் வந்தது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலிருக்கும், அந்த நோயைத் தடுக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசி கேட்டுச் சாப்பிட்டதில் பிழைத்தார்கள். பேரப்பிள்ளைகள் நாம் வாசனையான சயாம் வெள்ளை அரிசிக்கு மாறிவிட்டோம். இப்போது பெரிபெரிக்குப் பயமில்லை. புழுங்கலில் நார்ச்சத்தும் பெரிதாகக் கூடிவிடாது. அதனால் அரிசியை மாற்றுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. கரண்டியைச் சின்னதாக்குங்கள், போதும். கேட்பவருக்கு மறுபடி போடலாம், யார் தடுத்தது?

"பழைய சோறு நல்லதாமே, ஐயா?" என்று எனக்குக் கைப்பேசியில் காணொளி அனுப்புகிறவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி நார்ச்சத்தைப் போல நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வெக்கையில் மிஞ்சிய அன்னதானச் சோற்றை அண்டாவோடு விட்டுவைத்து மறுநாள் கொடுப்பது வேறு விஷயம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி அதில் விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சியதை அன்றிரவே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

சைவ மட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை. சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த பண்டம். அதைப் புற்றுநோய்ப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை, நானும் சேர்க்க மாட்டேன். ஆனால் உப்பில் ஊறி எண்ணெயில் பொரிந்து வரும் அந்தத் துண்டுக்காக நீங்கள் செலவழிக்கும் பணத்தில், சந்தையில் எத்தனை கட்டுக் கங்குங் கீரை, எத்தனை கிலோ நீட்டு அவரை வாங்கலாம் என்று மகளிர் பகுதியினர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டைக் கொல்லாமல் ஆட்டுக்கறி தின்னும் ஆசை நமக்கு ஏன் வெள்ளிக்கிழமையில் வருகிறது என்பதும் எனக்குப் புரியவில்லை.

உண்மையான பட்டியல் வேறு. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் சேர்த்தது. நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. நம் பிள்ளைகளுக்கு அது பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் குச்சியில் குத்திய சோசேஜாக வருகிறது. கோயில் வாசலில் அந்தக் கடை இல்லை. ஆனால் நம் இளைஞர் பகுதி நடத்தும் விளையாட்டுப் போட்டியில் போன வருடம் இருந்தது. கொடியேற்றிய நாள் முதல் விரதம் இருந்து, காவடி இறக்கிய மறுநாளே ஆட்டுக்கறியும் பீருமாக உட்கார்ந்துவிடும் கூட்டத்தை நான் மூன்று தலைமுறையாகப் பார்க்கிறேன். மதுவும் அதே முதல் வகுப்பில்தான் இருக்கிறது. உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல் எல்லாவற்றுக்கும் அது பொது எதிரி. தோட்டத்துச் சம்சு என்ற மலிவுச் சாராயம் செய்த வேலையை எழுதப் புகுந்தால் இந்த மடல் முடியாது.

நேரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து இலை போட ஒன்பதரை ஆகிவிடுகிறது. பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் பத்தரைக்குப் பாயில் சாய்கிறார்கள். வயிறு நிறைந்திருக்கும்போது இரைப்பையின் மேல்வாசல் அமிலத்தை முழுதாகத் தடுத்து நிற்காது. படுத்த உடம்பில் அது நெஞ்சுக்கு ஏறுகிறது. சனிக்கிழமை காலையில் ஒட்டுக்கடையில் நாலு பேர் நெஞ்சைத் தடவிக்கொண்டு தே தாரிக் குடிப்பதை நான் பார்க்கிறேன். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது படுக்கக்கூடாது என்பது சாதாரண மருத்துவ அறிவுரை. பூசை நேரத்தை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஐயரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் தெம்பில்லை. ஆனால் பூசைக்கு முன்பே, ஏழு மணிக்குச் சுண்டலும் மோரும் கொடுத்து, பிறகு இலையைச் சிறிதாக்கலாம் அல்லவா?

மோர் என்றதும் நினைவு வருகிறது. பெரியவர்களான பிறகு நம்மில் பலருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை சரியாகச் செரிக்காது. வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் போடும். தயிரிலும் மோரிலும் கிருமிகள் அதில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுவதால் பலருக்குத் தொல்லை குறைவு. ரோஸ் சிரப்பும் பாக்கெட் பானமும் இருக்கும் மேசையில் ஒரு பானை நீர்மோர் வையுங்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் வைக்கலாம். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2019 கணக்கெடுப்பு சொன்ன நாட்டில், அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று அடிக்கோடிட்டுச் சொன்ன நாட்டில், சாமி பெயரால் சீனித் தண்ணீர் ஊற்றுகிறோம். நீண்டநாள் நீரிழிவு குடலின் நரம்புகளையும் கெடுக்கும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரைப்பை காலியாகவே மறுக்கும்.

இனி நீங்கள் சொல்லப்போகும் மறுப்புக்கு வருகிறேன். "கடலை, பயறு போட்டால் எல்லாருக்கும் வாயுத் தொல்லை, ஐயா." உண்மை. பழக்கமில்லாத குடலுக்கு ஒரேயடியாக நார்ச்சத்தைக் கொட்டினால் அது ஊதத்தான் செய்யும். அதனால் முதல் மாதம் ஒரு கரண்டி, அடுத்த மாதம் இரண்டு. கடலையை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். பெருங்காயமும் சீரகமும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்கத் தண்ணீர் தாராளமாக வையுங்கள். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் சிக்கல்தான் கூடும். குடலில் ஏற்கெனவே அழற்சி நோயோ அடைப்போ உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும். அவர்களுக்கு ரசமும் குழைந்த சோறும் எப்போதும் இருக்கட்டும்.

"யார் கீரை ஆய்வது?" என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குத்தான் என்னிடம் பதில் இருக்காது என்று நினைத்தீர்கள். மண்டபத்தின் பின்னால் வேலி ஓரம் சும்மா கிடக்கும் நிலத்தில் முருங்கையும் பொன்னாங்கண்ணியும் நட்டால் ஆறு மாதத்தில் கீரை கிடைக்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வரிசை வீடு ஒவ்வொன்றின் பின்னாலும் அப்படித்தான் இருந்தது. யாரும் கடையில் கீரை வாங்கியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிக் கோத்தோங் ரோயோங் போட்டால் முடிகிற வேலை. ஆய்வதற்கு என்னைப் போல வேலையில்லாத கிழவர்கள் ஊரில் குறைந்தது இருபது பேர் இருக்கிறோம். திண்ணையில் உட்கார்ந்து அரசியல் பேசுவதற்குப் பதில் கீரை ஆய்ந்துகொண்டே அரசியல் பேசுவோம்.

கடைசியாக, உங்கள் ஒலிபெருக்கி வேண்டும். நல்ல சாப்பாடு ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது. கீரையும் கூழுமாக வாழ்ந்தவருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் 50 வயது முதல் 75 வரை உள்ளவர்கள், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. 2014 முதல் சுகாதார அமைச்சு இதைச் செய்துவருகிறது. சின்னக் குப்பி கொடுப்பார்கள், வீட்டிலேயே குச்சியால் கொஞ்சம் தொட்டுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். பத்தியமும் தேவையில்லை. இரத்தம் தெரிந்தால் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு சிறு தசை மொட்டாகத் தொடங்கி, முற்றுவதற்குப் பல ஆண்டுகள், பத்து ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்கிறது. மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் அது நோயாக முற்றாது. குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் 50 வரை காத்திருக்கக்கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத இளைப்பு, சோகை, பழக்கம் மாறிய வெளிக்குப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்தச் சோதனைக்கும் காத்திராமல் நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதைக் கிளினிக்கில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மலம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். கோயிலில் சொன்னால் போக மாட்டார்கள், ஏனென்றால் இன்னும் சாப்பிடவில்லை. தீபாராதனை முடிந்து பந்திக்கு முன், உபயதாரர் பெயர்களை வாசிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் கொடுங்கள். செயலாளருக்குக் கூச்சமாக இருந்தால் ஒலிவாங்கியை என்னிடம் தாருங்கள். லாரி ஓட்டியவரின் மூத்த மகனுக்கு வருகிற வருடம் 48 வயது. அவன் வெள்ளிதோறும் மூன்றாவது வரிசையில் உட்காருகிறான். அவன் காதில் விழ வேண்டும்.

உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. மூன்று மாதம் செய்து பாருங்கள். சைவ மட்டன் இல்லை என்று யாராவது கோபித்துக்கொண்டு போனால் என் பெயரைச் சொல்லுங்கள். திட்டு வாங்கிப் பழகிய தோல் இது, வெள்ளைத் தண்ணீர் தீர்ந்துபோன நாளில் வாங்காத திட்டா?

அடுத்த வெள்ளி மாலை நான்கு மணிக்குச் சமையற்கட்டுக்கு வருகிறேன். அரிவாள்மனை என்னுடையதையே கொண்டுவருகிறேன். கோயிலுடையது இரண்டு வருடமாக மழுங்கிக் கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய டிரெசர்